மஞ்சள் பின்னை எங்கே சொருகுவது?

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், கம்ப்யூட்டர் மானிட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எப்படி என்று எழுதவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. பிரிண்டரில் மை காய்ந்து போனவர்களும் வைஃபை வராதவர்களும் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், நானும் தம்பியும் சின்ன வயதில் விளையாடிய பிளேஸ்டேஷன் 2 இன்னும் நன்றாக இருக்கிறது, டிவிதான் போய்விட்டது. என்னிடம் 22 அங்குல மானிட்டர் இருக்கிறது, பின்னால் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் உண்டு. ஒரு பக்கம் மூன்று கலர் பின், மறுபக்கம் விஜிஏ என்று ஒரு கேபிளை ஆன்லைனில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் மானிட்டர் 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறது. டூப்ளிகேட் கேபிளைத் தள்ளிவிட்டார்களா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: கேபிள் அசல்தான் தம்பி, ஆனால் உங்கள் வேலைக்கான கேபிள் இல்லை அது. சில புரொஜெக்டர்கள் விஜிஏ ஓட்டை வழியாகவே காம்பொனென்ட் என்கிற வேறு வகை சிக்னலையும் வாங்கிக்கொள்ளும், அவற்றுக்காகச் செய்தது. உள்ளே இருப்பது வெறும் செம்புக் கம்பி. ஒரு முனையில் நுழைவது எதுவோ அதுவேதான் மறுமுனையில் வெளியே வரும்.

இந்த மாதம் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பின் பொருந்துகிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. பெட்டியிலிருந்து என்ன சிக்னல் வருகிறது, மானிட்டர் எதை ஏற்கும், இந்த இரண்டும் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

பழைய டிவி படத்தைக் கோடு கோடாக வரையும். நம் ஊர் 'பால்' முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 முழுப் படம். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடு. அமெரிக்காவும் ஜப்பானும் வைத்திருந்த 'என்டிஎஸ்சி' முறையில் 525 கோடு, நொடிக்கு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான படம், அதுவும் சுமார் 15,734 கோடு என்று கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் இதைச் சுருக்கமாக '15 கிலோஹெர்ட்ஸ்' என்பார்கள். 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் தொடங்கி 2000இல் வந்த உங்கள் பிளேஸ்டேஷன் 2 வரை டிவியை மனதில் வைத்துச் செய்த பெட்டிகள் எல்லாம் சாதாரணமாக இந்த வேகத்தில்தான் கோடு அனுப்பும். விஜிஏ கதை வேறு. 1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு அது வந்தபோதே (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இது வேறு பிஎஸ்2) நொடிக்கு ஏறக்குறைய 31,500 கோடு, அதாவது டிவியைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் மானிட்டரின் கையேட்டைப் புரட்டினால் 'ஹரிசான்டல் ஃபிரீக்வென்சி 30 முதல் 80 கிலோஹெர்ட்ஸ்' என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். முப்பதுக்குக் கீழே எது வந்தாலும் அதற்கு வராத மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் பெட்டியின் மஞ்சள் பின்னில் வருவது கம்போசிட் சிக்னல், வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் பிசைந்து வரும். விஜிஏ சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனிக் கம்பியில் எதிர்பார்க்கும். பிசைந்ததைப் பிரிக்கவும், கோடுகளை இரண்டு மடங்காக்கவும் நடுவில் ஒரு சில்லு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், சில்லு என்றால் அதற்கு மின்சாரம் வேண்டும். வெறும் கேபிளாக இருப்பது எதுவுமே இந்த வேலையைச் செய்யாது என்பதற்கு இதுவே போதும்.

ஆக, நீங்கள் வாங்க வேண்டியது உள்ளங்கை அளவுள்ள 'ஏவி டு எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் பெட்டி. மூன்று பின்னை ஒரு பக்கம் சொருகி, மறுபக்கம் எச்டிஎம்ஐ கேபிள், பழைய போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட். ஐந்நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கும், படம் வந்துவிடும். எப்படிப்பட்ட படம் என்பதை அடுத்ததற்கு அடுத்த கேள்வியில் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற அந்தச் சின்னப் பெட்டியைத்தான் வாங்கினேன். விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. இரண்டு முறை மாற்றியும் வாங்கிவிட்டேன்.
(வாசகர், ஈரோடு)

பதில்: மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 'எச்டிஎம்ஐ2ஏவி' என்று இருக்கும், நீங்கள் அனுப்பிய போட்டோவில் பாதி மறைந்திருந்தாலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அது புதுப் பெட்டியைப் பழைய டிவியோடு சேர்ப்பதற்கு. உங்களுக்கு வேண்டியது 'ஏவி2எச்டிஎம்ஐ'. இரண்டும் ஒரே அளவு, பல கடைகளில் ஒரே நிறம், ஒரே ஓட்டைகள். பெட்டிக்குள் சிக்னல் ஒரு திசையில்தான் போகும். வெட்கப்பட ஒன்றுமில்லை, என் அலமாரியிலும் ஒன்று தூங்குகிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 1. ஏவி2எச்டிஎம்ஐ போட்டுப் படமும் வந்துவிட்டது. ஆனால் எழுத்தெல்லாம் கலங்கலாக, ஆட்கள் எல்லாம் குண்டாக இருக்கிறார்கள். அடி வாங்கியதும் ஹீரோ மினுக்மினுக்கென்று மின்னுவான் இல்லையா, அந்த நேரத்தில் சீப்பு மாதிரி கோடு கோடாகிவிடுகிறான். எல்லாவற்றையும்விட மோசம், பட்டன் அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் குதிக்கிறான். எனக்கு வயதாகிவிட்டதா, பெட்டிக்கு வயதாகிவிட்டதா?
(வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் இல்லை. ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி தன் புத்திக்கு எட்டியதைச் செய்கிறது, அவ்வளவுதான்.

குண்டு விஷயம் சுலபம். பழைய டிவி 4:3, உங்கள் மானிட்டர் 16:9. பெட்டி படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பிவிடுகிறது. மானிட்டர் மெனுவில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று இருந்தால் 4:3 வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், ஆட்கள் இளைத்துவிடுவார்கள். அந்த வசதியே இல்லாத மானிட்டர்கள் நிறைய உண்டு. ஆபீஸ்களில் கழித்துக் கட்டும் பழைய 17 அங்குலச் சதுர மானிட்டர் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும். அது 5:4, கிட்டத்தட்டச் சரியாக வரும். அதில் எச்டிஎம்ஐ இருக்காது, அதனால் 'ஏவி டு விஜிஏ' பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சீப்புக் கோடு விஷயம்தான் ருசியானது. டிவி ஒளிபரப்பில் ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடுகள் முதலில் வரும், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்து வரும், கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். என்டிஎஸ்சி-யில் இதற்கு 480ஐ என்று பெயர். பழைய கேம் பெட்டிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. எப்போதும் ஒரே வரிசைக் கோடுகளின் மேலேயே திரும்பத் திரும்ப எழுது, பாதிக் கோடுதான் கிடைக்கும், பரவாயில்லை, ஆனால் நொடிக்கு 60 முழுப் படம் கிடைக்கும். இதுதான் 240பி. பழைய டிவிக்கு எந்தக் குழப்பமும் இல்லை, எதைக் கொடுத்தாலும் வரைந்துவிட்டுப் போகும். மலிவுப் பெட்டியின் சில்லுக்கோ எது வந்தாலும் டிவி ஒளிபரப்பு என்றே நினைப்பு. அடுத்தடுத்து வரும் இரண்டு தனித்தனிப் படங்களை ஒரே படத்தின் இரண்டு பாதி என்று நம்பிப் பின்னிவிடுகிறது. உங்கள் ஹீரோ மின்னுவது எப்படி? ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் பின்னினால் பாதிக் கோட்டில் மட்டும் ஆள் தெரிகிறான், அதுதான் அந்தச் சீப்பு. சில பெட்டிகளில் ஆளே முழுக்கக் காணாமல் போய்விடுவதும் உண்டு.

தாமதமும் இதே வேலையால் வருவதுதான். பின்னுவதற்கு அடுத்த பாதி வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு அதை 1080பி அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. ஓரிரு படம் இங்கே போகிறது, மானிட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. வசனம் படித்து முறை வைத்து அடிக்கிற ஆர்பிஜி வகை கேம்களில் இது தெரியவே தெரியாது. பள்ளம் தாண்டுகிற கேமில் தெரியும், சண்டை கேமில் கண்டிப்பாகத் தெரியும்.

என்ன செய்யலாம்? முதலில் மானிட்டரில் 'கேம் மோட்' மாதிரி எதுவும் இருந்தால் போடுங்கள், படத்தை மெருகேற்றுகிற வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். அது போதாவிட்டால் 240பி-யை 240பி என்று புரிந்துகொள்கிற சாதனம் வேண்டும், அதைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார், கீழே இருக்கிறது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-இன் பின்னால் நேராகச் சொருகுகிற எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். சித்தப்பா வீட்டு டிவியில் ஜோராக வருகிறது, என் ரூம் மானிட்டரில் கறுப்பு. மானிட்டர் புதுசு சார்.
(பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: புதுசாக இருப்பதுதான் பிரச்சினையே. அந்தக் குட்டி அடாப்டர்களில் பெரும்பாலானவை படத்தைப் பெரிதாக்காது. பெட்டி கொடுக்கிற 480ஐ சிக்னலை அப்படியே டிஜிட்டலாக்கி எச்டிஎம்ஐ-யில் தள்ளிவிடும். டிவி என்றால் 480ஐ, அதன் 'பால்' வடிவமான 576ஐ எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அதனால் சித்தப்பா வீட்டில் படம் வருகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர்களில் பல இந்த ஒன்று விட்டு ஒன்று வரும் படத்தை எச்டிஎம்ஐ-யில் ஏற்பதே இல்லை. எந்தக் கம்ப்யூட்டரும் இன்று அப்படி அனுப்பாது, பின்னே அது எதற்கு அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

இதில் ஊர்ச் சிக்கல் ஒன்றும் உண்டு. நம் பகுதிக்கு வந்த டிஸ்க்குகள் பல 'பால்', திரையை நொடிக்கு 50 தடவை வரையும், அதாவது 50 ஹெர்ட்ஸ். மானிட்டர்களில் பல 56 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று கையை விரித்துவிடும். 'அமெரிக்க டிஸ்க் வருகிறது, இந்திய டிஸ்க் வரவில்லை' என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான். கேமிலேயே 50/60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் 60 போடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டிஸ்க் போடாமல் பெட்டியை ஆன் செய்து, சித்தப்பா வீட்டு டிவியிலேயே, 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' உள்ளே போனால் 'காம்பொனென்ட் வீடியோ அவுட்' என்று ஒரு வரி இருக்கும். ஆர்ஜிபி, ஒய்-பிபி-பிஆர் என்று இரண்டு தேர்வு. இரண்டாவதை வையுங்கள், இந்த அடாப்டர்கள் அதைத்தான் எதிர்பார்க்கும், தவறாக இருந்தால் நிறம் கண்டபடி வரும். அப்புறம், சில கேம்களில் லோடாகும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் 'புரோக்ரசிவ் ஸ்கேன் வேண்டுமா' என்று கேட்கும், ஆம் என்றால் 480பி, அதாவது எல்லாக் கோடும் ஒரே தடவையில் வரும் படம் கிடைக்கும், அதை உங்கள் மானிட்டர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பில் 1080ஐ வரைக்கும் தேர்வு உண்டு. ஆனால் மெனுவும் மற்ற கேம்களும் 480ஐ-யிலேயே இருக்கும், கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் குத்துமதிப்பாக அழுத்துவீர்கள்? ஆகவே படத்தை 720பி, 1080பி ஆக மாற்றித் தருகிற 'ஸ்கேலர்' உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். காம்பொனென்ட் கேபிள் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஐந்து பின்னில் இரண்டு சிவப்பு, ஒன்று படத்துக்கு, ஒன்று சத்தத்துக்கு. பச்சை, நீலத்தோடு கட்டி வருவது படத்துக்கானது. மாற்றிப் போட்டுவிட்டு 'சத்தம் கொர்ரென்று வருகிறது' என்று எழுதினால் எனக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது அண்ணனின் டிவி கேம் கிடைத்தது, '9999 இன் 1' கேசட், வாத்து சுடுகிற துப்பாக்கி எல்லாவற்றோடும். மூன்று கலர் பின் எதுவும் இல்லை, ஆன்டெனாவில் சொருகுகிற ஒரே ஒரு ஒயர்தான். என் பையனுக்கு அவன் மாமா விளையாடியதைக் காட்ட ஆசை. வீட்டில் இருப்பது கம்ப்யூட்டர் மானிட்டர் மட்டும்தான்.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்களிடம் இருப்பது அநேகமாக நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்றாலே இதுதான். அந்த 9999 கணக்கை நம்பாதீர்கள், ஒரு சில கேம்களே பெயரும் லெவலும் மாறித் திரும்பத் திரும்ப வரும்; அது அப்போதே எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கடைசி எண் வரை போய்ப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்.

அந்த ஒற்றை ஒயரில் வருவது ஒரு குட்டி டிவி ஸ்டேஷன். படத்தையும் சத்தத்தையும் ஒரு சேனல் அலைவரிசையில் ஏற்றி அனுப்புகிறது, அதை இறக்க டியூனர் வேண்டும், மானிட்டரில் டியூனர் கிடையாது. இரண்டு வழி. இருபது வருடம் முன்னால் மானிட்டரில் கேபிள் டிவி பார்க்க 'டிவி டியூனர் பாக்ஸ்' என்று ஒன்று விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் அறைகளில் இருக்கும். ஆன்டெனா ஒயர் உள்ளே, விஜிஏ வெளியே, கம்ப்யூட்டரே வேண்டாம். உங்கள் வேலைக்கு அச்சாகச் செய்த மாதிரி. பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், தூசிக்குள்ளிருந்து எடுத்துத் தருவார்கள். இல்லையென்றால் யார் வீட்டிலாவது ஓடுகிற விசிஆர் இருந்தால் அதற்குள் டியூனர் உண்டு. கேம் ஒயரை விசிஆரின் ஆன்டெனா ஓட்டையில் கொடுத்து, விசிஆரின் ஏவி அவுட்டிலிருந்து கன்வெர்ட்டர் பெட்டிக்குப் போகலாம். எதுவானாலும் கேமை ஆன் செய்து ஓடவிட்டு அப்புறம் 'ஆட்டோ சர்ச்' போடுங்கள், அணைத்து வைத்துத் தேடினால் என்ன கிடைக்கும்? அடாப்டரும் பழசாக இருக்கும். புதிது வாங்கினால் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, பின்னின் நடு முனை பிளஸா மைனஸா என்பதும் பெட்டியில் எழுதியிருக்கிறபடி இருக்க வேண்டும்.

துப்பாக்கி விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். எந்த மானிட்டரிலும் எந்த எல்இடி டிவியிலும் வாத்து விழாது. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். கறுப்பில் இருட்டையும் அதே இடத்தில் உடனே வெளிச்சத்தையும் கண்டால் பெட்டி 'சுட்டாச்சு' என்று முடிவு செய்யும். (முதலில் கறுப்பு எதற்கு? டியூப் லைட்டைப் பார்த்துச் சுடுகிறவர்களைப் பிடிக்கத்தான். நகல் துப்பாக்கிகள் சில இதிலும் ஏமாறும்.) பிக்சர் டியூப் டிவியில் சிக்னல் வந்த கணமே அந்த இடம் பளிச்சென்று எரிந்து அணையும், துப்பாக்கிக்குள் இருக்கிற சர்க்யூட் அந்த வேகமான துடிப்புக்கென்றே அமைத்தது. மானிட்டரில் வெள்ளைக் கட்டம் தாமதமாக வரும், வந்த பிறகும் துடிக்காமல் நிதானமாக எரியும். துப்பாக்கிக்கு அது வெளிச்சமாகவே படாது.

ஆகவே என் யோசனை: மானிட்டரை விடுங்கள். 2006இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இன்னும் எத்தனையோ வீடுகளில் மூலையில் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். டியூனர் உள்ளேயே இருக்கிறது, தாமதம் இல்லை, 15 கிலோஹெர்ட்ஸ் அதன் தாய்மொழி, வாத்தும் விழும். லட்ச ரூபாய் மானிட்டர் செய்யாததை அது செய்யும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அத்தான் பழைய பெரிய சைஸ் பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்து தந்தார். பின் மாற்றும் அடாப்டர் போட்டு நம் பிளக்கில் சொருகலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சொருகவே கூடாது, முதலில் கையை எடுங்கள். பெட்டியின் பின்னால் 120 வோல்ட் என்று இருக்கும், உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் 230. பின்னை மாற்றும் அடாப்டர் மின்சாரத்தை மாற்றாது. படத்துக் கேபிளில் பார்த்த அதே கதைதான், இங்கே புகையும் சேர்ந்து வரும். ஜப்பான் பெட்டி என்றால் இன்னும் மோசம், அங்கே 100. ஒன்றை நானே எரித்திருக்கிறேன், அந்த வாசனை இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. நல்ல 'ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்' வாங்குங்கள். ஸ்லிம் மாடல்கள் பலவற்றில் அடாப்டர் தனியாக வரும், அதன் லேபிளில் 'இன்புட் 100–240' என்று இருந்தால் மட்டும் நேராகச் சொருகலாம். மற்றபடி அது என்டிஎஸ்சி, 60 ஹெர்ட்ஸ், மானிட்டருக்கு நல்லதுதான். அமெரிக்க டிஸ்க் மட்டும்தான் ஓடும், அதையும் அத்தானிடமே கேளுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 3-ஐ எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் வழியாகப் பழைய மானிட்டரில் போட்டால் படம் இல்லை, சத்தமும் இல்லை.
(வாசகர், புதுச்சேரி)

பதில்: சத்தம் டிவிஐ வழியாக வராது. பெட்டியோடு வந்த மூன்று பின் கேபிளையும் கூடவே மாட்டி, சவுண்ட் செட்டிங்கில் 'ஏவி மல்டி' தேர்வு செய்து, சிவப்பு வெள்ளை பின்னை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். படத்துக்கு, பெட்டியை அணைத்துச் சிவப்பு விளக்கு எரியும்போது பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' வரும்வரை அழுத்திப் பிடியுங்கள், பழைய டிவியின் அமைப்பை மறந்து புதிதாகத் தேடும். அப்படியும் வராவிட்டால் அநேகமாக அந்த மானிட்டரிடம் எச்டிசிபி என்கிற, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டின் சாவி இல்லை என்று அர்த்தம். பிளேஸ்டேஷன் 3 எச்டிஎம்ஐ-யில் அதை எப்போதும் கேட்கும். வேறு மானிட்டர்தான்.

கேள்வி: எந்தப் பழைய கன்சோல் மானிட்டரோடு சண்டை போடாமல் ஒத்துப்போகும்? வாங்கலாம் என்று இருக்கிறேன்.
(மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

பதில்: 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட். அதன் விஜிஏ பெட்டியை மாட்டினால் பெரும்பாலான கேம்கள் நேராக 640x480, 31 கிலோஹெர்ட்ஸில் வரும், கன்வெர்ட்டரே வேண்டாம், கண்ணாடி மாதிரி இருக்கும். வியாபாரத்தில் தோற்றது, மானிட்டரில் ஜெயித்தது. கிடைப்பதும் டிஸ்க் தேடுவதும் உங்கள் பாடு. அடுத்தது நின்டெண்டோ வீ. மலிவான 'வீ டு எச்டிஎம்ஐ' சொருகியே போதும், காரணம் வீ தானே 480பி கொடுக்கும். செட்டிங்கில் 'இடிடிவி/எச்டிடிவி 480பி' வைக்க மறந்துவிடாதீர்கள், பாதிப் புகார் அந்த ஒரு மறதியால்தான். எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஆரம்ப கால மாடல்களுக்கு எச்டிஎம்ஐ இல்லை, விஜிஏ கேபிள் தனியாக உண்டு, இது நிஜமாகவே வேலை செய்கிற விஜிஏ கேபிள், பெட்டியே அந்த சிக்னலைத் தருவதால்.

கேள்வி: ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் என்றெல்லாம் யூடியூபில் பேசுகிறார்களே, அவ்வளவு பணம் போடலாமா அண்ணா?
(வாசகர், சென்னை)

பதில்: இரண்டும் 240பி-யை 240பி என்று புரிந்துகொள்கிற சாதனங்கள், வித்தியாசம் அங்கேதான். ஓஎஸ்எஸ்சி படத்தைச் சேமித்து வைக்காது, வருகிற கோட்டை அந்த நிமிடமே இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ பெருக்கி அனுப்பும், தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் முதல் மாடலில் மஞ்சள் பின்னுக்கு இடமில்லை, ஆர்ஜிபி அல்லது காம்பொனென்ட் வேண்டும். அது பெருக்கி அனுப்புகிற விசித்திரமான அளவுகளை உங்கள் மானிட்டர் ஏற்குமா என்பதும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரெட்ரோடிங்க் வரிசையில் மஞ்சள் பின்னையும் ஏற்கிற சின்ன மாடல்கள் உண்டு. உச்சியில் இருக்கும் 4கே மாடல் 2023இல் 750 டாலருக்கு வந்தது. சுங்க வரி தனி. ஒரு கன்சோலுக்காக இதை வாங்குவது, சைக்கிள் நிறுத்த மாடி வீடு கட்டுகிற மாதிரி. ஐந்தாறு பெட்டி வைத்திருந்து தினமும் விளையாடுகிறவர் என்றால் சரி, வாங்குங்கள், பொறாமையோடு வாழ்த்துகிறேன்.

சாலிடரிங் கை பழக்கம் இருந்தால் ஜிபிஎஸ்-8200 என்று ஒரு போர்டு கிடைக்கும், ஆர்கேட் மெஷின்களுக்காகச் செய்தது. ஆர்ஜிபி அல்லது காம்பொனென்ட் உள்ளே, விஜிஏ வெளியே. வாங்கியபடி சுமார்தான், ஆனால் ஒரு சின்ன வைஃபை சில்லைச் சேர்த்து 'ஜிபிஎஸ் கன்ட்ரோல்' என்கிற இலவச மென்பொருளை ஏற்றினால் அந்த விலைக்கு நம்ப முடியாத படம் தரும். என் மேசையில் இருப்பது அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். படம் தெளிவாகத் தெளிவாகச் சில கேம்கள் அசிங்கமாகும். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் 1991இல் வந்த சோனிக் கேமில் ஒரு அருவி வரும். மஞ்சள் பின்னில் பார்த்தால் தண்ணீர் ஊடுருவித் தெரியும், சுத்தமான ஆர்ஜிபியில் பார்த்தால் வெறும் செங்குத்துக் கம்பிகள். வரைந்தவர்கள் அந்தக் கலங்கலையே நம்பி வரைந்திருக்கிறார்கள். நான் அந்த ஒரு கேமுக்கு மட்டும் மஞ்சள் பின்னுக்குத் திரும்பிவிடுவேன்.

கேள்வி: மானிட்டரே இல்லை, லேப்டாப்தான். அதில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறது, கன்வெர்ட்டரிலிருந்து அங்கே கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நல்ல கேபிளாக 600 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கியிருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.
(வாசகி, மதுரை)

பதில்: லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது, எந்தக் கேபிள் போட்டாலும் இதேதான். உள்ளே வாங்க யுஎஸ்பி 'கேப்சர்' குச்சி வேண்டும், அதில் மூன்று பின்னை நேராகவே சொருகலாம், ஓபிஎஸ் என்கிற இலவச மென்பொருளில் படம் வரும். தாமதம் கண்ணுக்குத் தெரியும், அதனால் பதிவு செய்யவும் நிதானமான கேம்களுக்கும் மட்டும் சரி. 600 ரூபாய்க் கேபிளைப் பிரிக்காதீர்கள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.